கொழுந்தில் பாசி இல்லை

மீன் தொட்டிக்குள் வளர்க்கும் அனுபியாஸ் செடியின் இலை ஓரத்தில் முதன்முதலில் அதைப் பார்த்தபோது ஏதோ அழுக்கு என்று நினைத்து, தொட்டிக்குள் கையை விட்டு விரலால் தேய்த்தேன். போகவில்லை. நகத்தால் சுரண்டினேன், இலைதான் கிழிந்தது. கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தால், மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் கன்னங்கரேலென்று நுண்ணிய முடிக்கற்றைகள், இலை விளிம்பு முழுக்க வரிசையாக முளைத்து, பில்டரிலிருந்து தண்ணீர் தள்ளும் பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தன. அந்த நிமிடம் பார்க்க அழகாகக்கூட இருந்தது. இரண்டு வாரத்தில் இன்னும் ஆறு இலைக்குப் பரவியது. ஒரு மாதத்தில் மரக்கட்டை, பில்டர் குழாயின் வாய், தெர்மாமீட்டர் என்று எங்கே பார்த்தாலும் அதே கருப்புத் தாடி.

அதன் பெயரே தாடிப்பாசிதான். பிளாக் பியர்ட் ஆல்கே, செடித் தொட்டி வைத்திருப்பவர்கள் வாயில் சுருக்கமாக பிபிஏ. பார்க்கக் கருப்பு, ஆனால் சேர்ந்திருப்பது சிவப்புப் பாசிக் கூட்டத்தில். மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெண்கள் கடலில் முங்கி எடுக்கிற மரிக்கொழுந்துப் பாசி, நாம் கடற்பாசி என்று வாங்கி நோன்புக் காலத்தில் இனிப்பு செய்கிற அகர் அகரைத் தருகிற பாசிகள், இவையெல்லாம் அதே கூட்டத்தின் கடல் உறவுகள். இது தெரிந்த பிறகு அதன்மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது, ஆனாலும் என் செடியை மூடிக்கொண்டு வளர்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தொட்டி 2020 ஊரடங்கு தளர்ந்த சமயத்தில் ஆரம்பித்தது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், மண்ணும் கல்லும் போக உள்ளே ஏறத்தாழ 60 லிட்டர் தண்ணீர். வீடு பெரம்பூரில். கொளத்தூர் வண்ண மீன் கடைகள் பக்கத்திலேயே இருப்பதால் செடிக்கும் மீனுக்கும் பஞ்சமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்லில் கட்டிய அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், பின்னால் கொஞ்சம் ரோட்டாலா, ஒரு மூலையில் கிரிப்டோகோரைன். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன.

அப்புறம் கார்பன் டை ஆக்சைடு கொடுத்தால் செடி இன்னும் செழிக்கும் என்று தெரிந்துகொண்டேன். அது உண்மைதான், காற்றோடு மட்டும் சமநிலையில் இருக்கும் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட அது கரைந்திருக்காது, சிலிண்டர் வைத்துக் கொடுக்கிறவர்கள் 30 மில்லிகிராம் வரை கொண்டுபோகிறார்கள், அவர்கள் தொட்டியில் செடி புதராகக் கிளம்புகிறது. சிலிண்டருக்கு அப்போது வசதிப்படவில்லை. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் வெதுவெதுப்பான தண்ணீரும் கலந்து, மூடியில் துளை போட்டுக் குழாயைச் செருகினேன். தோசை மாவைப் பொங்க வைக்கிற அதே வாயு குழாய் வழியே தொட்டிக்குள் குமிழாக வரும். குளிர்ச்சியான இடத்தில் இந்த பாட்டில் ஒன்றரை இரண்டு வாரம் ஓடும். சென்னையில் சித்திரை வெயிலில் முதல் இரண்டு நாள் கொதிக்கிற மாதிரி குமிழ் கொட்டும், ஐந்தாம் நாள் சோர்ந்துபோகும், நான் மறுபடி நேரம் கிடைத்துக் கலக்கும் வரை ஒன்றுமே இருக்காது. மேலே லைட் மட்டும் தினம் 11 மணி நேரம் குறையாமல் எரிந்துகொண்டிருந்தது.

அதாவது செடிக்கு இரண்டு நாள் விருந்து, நான்கு நாள் பட்டினி. வாயு நிறைய இருக்கும்போது அதற்கு ஏற்றபடியும், இல்லாதபோது வேறு மாதிரியும் இலைக்குள் இருக்கும் நொதிகளைச் செடி மாற்றி அமைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரே நாளில் நடக்கிற வேலை இல்லை. அமைத்து முடிப்பதற்குள் நிலைமை மாறிவிடும். தாடிப்பாசி இப்படி அளவு ஏறி இறங்குகிற தொட்டியில்தான் கொண்டாட்டமாக வளரும் என்பதைச் செடித் தொட்டிக்காரர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். நான் அதை வீட்டிலேயே பாட்டில் பாட்டிலாகக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறேன்.

அப்போது இதெல்லாம் புரியவில்லை. பாசியைக் கொல்ல வேண்டும், அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது.

முதலில் மீனை நம்பினேன். சயாமிஸ் ஆல்கே ஈட்டர் என்று ஒரு மீன் இருக்கிறது, சின்ன வயதில் தாடிப்பாசியைக்கூட மேயும். ஒரு கடையில் கேட்டதும் "இதாம்மா, பாசி எல்லாத்தையும் தின்னுடும்" என்று பையில் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அது பாசியை விட்டுவிட்டு மற்ற மீன்களின் பக்கவாட்டில் ஒட்டி உறிஞ்ச ஆரம்பித்த பிறகுதான் வேறு மீன் என்று தெரிந்தது. சைனீஸ் ஆல்கே ஈட்டர். வாய் அடிப்பக்கம் உறிஞ்சியாக இருக்கும், கண்ணாடியில் அப்படியே ஒட்டி நிற்கும், வளர வளர முரட்டுத்தனம் ஏறும். நிஜ சயாமிஸில் மூக்கிலிருந்து போகும் கருப்புக் கோடு உடம்போடு நிற்காமல் வால் துடுப்பின் கடைசி வரைக்கும் ஓடும். வாங்கப் போகிறவர்கள் அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள், அந்த ஒரு அடையாளம் போதும்.

அடுத்தது மருந்துக்கடை. ஹைட்ரஜன் பெராக்சைடை ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, பில்டரை நிறுத்திவிட்டு, பாசி இருக்கும் இடத்தில் மெல்ல விட்டால் பாசி செத்துவிடும். முறை சரியானதுதான். நான் படித்த கணக்கெல்லாம் 3 சதவீதக் கரைசலுக்கு, 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மி.லி. என்ற அளவு. நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். பாட்டிலில் சின்ன எழுத்தில் போட்டிருக்கும், நான் பார்க்கவில்லை. 15 மி.லி. விட்டேன், அதாவது விட வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. பாசி மேலெல்லாம் வெள்ளைக் குமிழ் பொங்கியது, சந்தோஷமாக இருந்தது. மறுநாள் காலை பதினொரு செர்ரி இறால் மல்லாந்து கிடந்தன. அதில் வயிற்றில் முட்டை வைத்திருந்தது இரண்டு. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. தயவுசெய்து பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள், 6 என்றிருந்தால் அளவைப் பாதியாக்குங்கள், இறால் இருந்தால் அதையும் குறைத்து, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று இலைக்கு மேல் தொடாதீர்கள்.

மூன்றாம் நாள் அந்தக் கருப்புத் தாடி முழுக்க இளஞ்சிவப்பாக மாறியது, பச்சையம் அழிந்து உள்ளே மறைந்திருந்த சிவப்பு நிறமி வெளியே தெரிகிறது. அது செத்ததற்கு அடையாளம். பிழைத்த இறால்கள் அதைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றன. ஒரு வாரம் தொட்டி சுத்தம். ஐந்தாவது வாரம் அதே இலை ஓரத்தில் அதே கருப்பு. சின்ன வயதில் பாட்டி வீட்டுக்குப் போனால் ஊருணியில் தண்ணீர் மொள்ளும்போது குடத்தின் அடியால் பாசியை இப்படியும் அப்படியும் தள்ளிவிட்டு மொள்வார்கள், குடத்தைத் தூக்கிய மறு நிமிடம் பாசி வந்து மூடிக்கொள்ளும். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, பட்டினி போட்டுப் பார்ப்போம் என்று அடுத்து முடிவு செய்தேன். இதற்கு ஒரு கதை உண்டு. 1990-களின் நடுவில் கனடாவைச் சேர்ந்த பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரண்டு பேர் தங்கள் தொட்டிகளில் சோதித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். செடிக்கு மற்ற எல்லாச் சத்தையும் தாராளமாகக் கொடுத்து பாஸ்பேட்டை மட்டும் பற்றாக்குறையில் வைத்தால், கிடைக்கிற கொஞ்சத்தைச் செடி எடுத்துக்கொள்ளும், பாசிக்கு மிஞ்சாது என்பது அவர்கள் கருத்து. அதில் பெரிய விஷயம் அவர்கள் செடிக்கு உரம் போடச் சொன்னது. நம்மில் பலரும் அந்தப் பாதியை விட்டுவிட்டு பாஸ்பேட் கெட்டது, உரம் கெட்டது என்று மட்டும் பிடித்துக்கொண்டோம். பின்னால் அமெரிக்காவில் டாம் பார் என்பவர் நேர் எதிராகச் செய்து காட்டினார். நல்ல வெளிச்சமும் சீரான சிஓ2-வும் (அதே கார்பன் டை ஆக்சைடுதான்) இருக்கிற தொட்டியில் நைட்ரேட், பாஸ்பேட் எல்லாவற்றையும் தேவைக்கு மேலேயே போட்டு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றினார். பாசி வரவில்லை, செடி கொழித்தது. பாஸ்பேட் இருப்பதால்தான் பாசி வருகிறது என்ற பேச்சு அதோடு ஆட்டம் கண்டது.

இதைப் படிப்பதற்கு முன்னால் நான் செய்ததோ அரைகுறைப் பட்டினி. உரத்தை நிறுத்தினேன், ஆர்ஓ தண்ணீரை ஊற்றினேன், மீனுக்குத் தீனியைப் பாதியாக்கினேன். இரண்டு மாதத்தில் ரோட்டாலா முனை நின்றுபோனது, அனுபியாஸின் அடி இலைகள் மஞ்சளாகின, தாடி அப்படியே இருந்தது, கூடவே இலை மேலும் கண்ணாடி மேலும் பச்சைப் புள்ளிப்பாசி வேறு வந்தது. அழுத்தித் தேய்த்தாலும் போகாத, பிளேடு வைத்துச் சுரண்ட வேண்டிய வட்ட வட்டப் புள்ளிகள். பாஸ்பேட் மிகவும் குறைந்தால் வருகிறது என்று பெயர் பெற்ற பாசி அது.

அந்தச் சமயத்தில்தான் அம்மா ஒரு நாள் மாலை தொட்டி முன்னால் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு மீன் தொட்டியில் பெரிய ஈடுபாடு கிடையாது, அவளுக்கு மொட்டைமாடி. செம்பருத்தி, கறிவேப்பிலை, இரண்டு தொட்டியில் மணத்தக்காளி. நான் கத்தரிக்கோலோடு நிற்பதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் செடியையே உற்றுப் பார்த்தாள்.

"பழைய இலைலதானேடி இருக்கு. கொழுந்துல ஒண்ணுமே இல்லையே."

ஆமாம் என்றேன்.

"அப்ப செடிக்குத் தீனி போதல. செம்பருத்திக்கும் இப்படித்தான், அடி இலைலேர்ந்து உருவிக்கிட்டு நுனிக்குக் கொடுக்கும். அந்த இலையை வெட்டிப் போட்டுட்டு எருவைப் போடு."

நான் அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை என்றே சொல்லலாம். அம்மா சொன்னது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். தழை, மணி, சாம்பல் சத்துகள் மூன்றும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. வெளியிலிருந்து கிடைக்காவிட்டால் செடி தன் பழைய இலையிலிருந்து அவற்றை உருவிப் புது இலைக்கு அனுப்பும். உருவப்பட்ட இலை பலவீனமாகிச் சிதைய ஆரம்பிக்கும், அதில்தான் பாசி உட்காரும். இரும்பும் கால்சியமும் அப்படி இடம் மாறாது, அவை குறைந்தால் கொழுந்துதான் வெளுக்கும் அல்லது சுருளும். ஆக எந்த இலையில் கோளாறு என்று பார்த்தாலே எது குறைகிறது என்று பாதி தெரிந்துவிடும். ஒன்றரை வருடமாக நான் பாசியை மட்டும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறேன், அது எந்த வயது இலையில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

மறுநாளிலிருந்து செய்ததைச் சொல்கிறேன்.

பாதிக்கு மேல் தாடி மூடிய இலை எல்லாவற்றையும் காம்போடு வெட்டினேன். அனுபியாஸில் மொத்தம் 14 இலை, அதில் 9 போய்விட்டது. செடி மொட்டையாக நின்றது. வயிற்றைப் பிசைந்தது, ஆனால் தாடி பிடித்த இலை திரும்பத் தேறாது, அனுபியாஸ் இலை ஒரு வருடத்துக்கு மேல் உயிரோடு இருக்கும், அத்தனை நாளும் பாசிக்கு இருக்கை போட்டுக் கொடுத்த மாதிரிதான். கட்டையையும் கல்லையும் வெளியே எடுத்து பெராக்சைடில் நனைத்துக் கழுவி வைத்தேன், தொட்டிக்குள் ஒரு சொட்டு விடவில்லை.

சர்க்கரை பாட்டிலைத் தூக்கிப் போட்டேன். இதில் என் கருத்து திடமானது. சிஓ2 கொடுப்பதானால் சிலிண்டரும் ரெகுலேட்டரும் டைமரும் வைத்து ஒரே சீராகக் கொடுங்கள், லைட் எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வாயு ஆரம்பித்துவிட வேண்டும், தண்ணீரில் வாயு எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் நாள் முழுக்க ஒரே பச்சையில் நிற்க வேண்டும். அது முடியாதென்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். குறைவாக இருப்பதைச் செடி பழகிக்கொள்ளும், இன்றைக்கு இருந்து நாளைக்கு இல்லாததைத்தான் அதனால் தாங்க முடியாது. கொடுக்காமல் விட்டால் லைட்டையும் அதற்கேற்பக் குறைத்தாக வேண்டும். வெளிச்சம்தான் செடியின் பசியைத் தீர்மானிக்கிறது, வெளிச்சம் கூடக் கூட வாயுவும் உரமும் கூடக் கேட்கும். 11 மணி நேரத்தை 6 ஆக்கினேன், 15 ரூபாய் சணல் கயிற்றில் லைட்டை அரையடி மேலே தூக்கிக் கட்டினேன், கிழக்கு ஜன்னல் பக்கத்துக் கண்ணாடியில் அட்டை ஒட்டினேன். டைமர் இல்லாமல் கையால் போட்டு அணைப்பது சரிப்படாது, நாம் ஊருக்குப் போன நாளில் எல்லாம் கெட்டுப்போகும்.

அப்புறம் எரு. உரக்கடையில் 13-0-45 என்று கேளுங்கள், அது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். சொட்டுநீர்ப் பாசனத்துக்கு விற்கிற இந்த உரங்களில் ஒரு கிலோ வாங்கினால் ஆயுசுக்கும் போதும், நண்பர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டேன். என் 60 லிட்டர் தொட்டியில் முதலாவது 1 கிராம் போட்டால் நைட்ரேட் லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறும், இரண்டாவது 0.1 கிராம் போட்டால் பாஸ்பேட் ஒரு மில்லிகிராம் சொச்சம் ஏறும். சிஓ2 இல்லாத தொட்டிக்கு வாரம் ஒருமுறை இதில் பாதியே தாராளம். 19-19-19 பக்கம் மட்டும் போகவே வேண்டாம், அதில் யூரியாவும் அம்மோனியமும் கலந்திருக்கும், மீன் செத்துவிடும், பாசிக்குத்தான் அது விருந்து. இரும்பு போன்ற நுண்சத்துகளுக்குச் செடித் தொட்டிக்கென்றே விற்கிற திரவ உரத்தில் வாரம் இரண்டு சொட்டு. ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றுவதை விட்டுவிட்டுப் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து வாரம் 20 லிட்டர் மாற்றினேன்.

ரோட்டாலாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹைக்ரோஃபிலா பாலிஸ்பெர்மா நட்டேன். நம் நாட்டிலேயே தானாக வளர்கிற செடி, வயலோரத்து நீர்முள்ளிக்கு நெருங்கிய உறவு. சிஓ2 கேட்காது, வெளிச்சம் அதிகம் கேட்காது, வளர்கிற வேகத்தைப் பார்த்து அமெரிக்காவில் அதைக் களைச்செடிப் பட்டியலில் சேர்த்துத் தடை போட்டிருக்கிறார்கள். மெதுவாக வளரும் அனுபியாஸ் மட்டும் இருக்கிற தொட்டியில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை உடனுக்குடன் இழுத்துக்கொள்ள இப்படி ஒரு பேராசைக்காரச் செடி வேண்டும்.

மற்ற பாசிகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புதுத் தொட்டியில் பழுப்பாகத் தூள் மாதிரி படிவது டயாட்டம், சில வாரங்களில் தானே போய்விடும், பயந்து எதையும் ஊற்றாதீர்கள். பச்சை நூல் மாதிரி வருவதைப் பல் துலக்கும் பிரஷ்ஷில் சுற்றி எடுத்துவிட்டு இறாலை விடலாம். ஜப்பானியர் தகாஷி அமானோ 1980-களில் தன் செடித் தொட்டிகளில் இதற்கென்றே ஒரு இறாலைக் கொண்டுவந்தார், இன்று உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான். நீலப்பச்சையில் வழவழவென்று போர்வை மாதிரி மூடி, கிளறினால் சேற்று நாற்றம் அடிப்பது மட்டும் பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. கையால் உறிஞ்சி எடுத்து, மூன்று நான்கு நாள் தொட்டியைப் போர்வையால் இருட்டாக்கி, தேங்கிய மூலைக்குத் தண்ணீர் ஓட்டம் கொடுத்தால் அடங்கும். அதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை போடச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தண்ணீரை நாம் சாக்கடையில்தான் ஊற்றப் போகிறோம், மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஏற்கெனவே போதுமான அளவு இருக்கின்றன.

இதற்கெல்லாம் பலன் தெரிய நான்கு மாதம் ஆனது. முதல் மாதம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது, இருக்கிற இலைகளில் புதிதாகத் தாடி முளைத்துக்கொண்டுகூட இருந்தது. அப்போது கை பரபரத்தது, சிரிஞ்சை எடுக்கலாமா என்று இரண்டு முறை நினைத்தேன். பழைய இலையைப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு நோட்டில் புது இலை வந்த தேதியை மட்டும் எழுத ஆரம்பித்தேன். அனுபியாஸ் இலை சுருட்டிய பீடி மாதிரி வெளிர் பச்சையில் கிளம்பும், நான்கைந்து நாளில் விரியும், மூன்று வாரத்தில் கெட்டியாகிக் கரும்பச்சை ஆகும். அந்த மூன்று வாரமும், அதற்கடுத்த இரண்டு மாதமும் அந்த இலை சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் கணக்கு. முதல் புது இலை ஓரத்தில் கொஞ்சம் கருப்பு வந்தது. இரண்டாவதில் காம்பருகே மட்டும். மூன்றாவதிலிருந்து இல்லை.

நோட்டில் இப்போது 23 தேதிகள் இருக்கின்றன. அம்மா அவ்வப்போது வந்து கொழுந்தை மட்டும் பார்த்துவிட்டு மாடிக்குப் போகிறாள், நான் மாற்றுகிற தொட்டித் தண்ணீர் இப்போது முழுக்க அவள் செம்பருத்திக்குத்தான். தாடிப்பாசி அடியோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பில்டர் குழாயின் வாயில், தண்ணீர் வேகமாக அடிக்கிற இடத்தில், விரல் நகம் அகலத்துக்கு ஒரு கற்றை இருக்கிறது. அன்றைக்கு வெட்டாமல் விட்ட அனுபியாஸின் அடி இலை ஒன்றின் நுனியிலும் கொஞ்சம். அதை வெட்டலாம் என்று போன மாதம் கத்தரிக்கோலைக் கொண்டுபோனேன். அரிசி முனை அளவில் கண்ணாடி போன்ற இறால் குஞ்சுகள் ஏழெட்டு அந்தக் கருப்பு முடிக்குள் தொங்கிக்கொண்டு, முன்னங்கால்களால் எதையோ எடுத்து எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தன. கத்தரிக்கோலைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டேன்.